கால் என் கையில் இருக்கும்போது

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்தார். உண்டியல் மாதிரி ஒரு சின்ன மரப்பெட்டி. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதி அதில் போடலாம். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கில் படித்து ஜெபிப்பார். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில், பாயில் உட்கார்ந்து, மடித்த காலில் ஊர்ந்த எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் சீட்டு, யாரோ ஒருவரின் மகனுக்கு வேலை. இரண்டாவது, புதிதாகப் போட்ட போரில் தண்ணீர். மூன்றாவது சீட்டு நீலக் காகிதம். அதை நான் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். எங்கள் மருந்தகத்தில் கட்டுத் துணிப் பொட்டலத்தைச் சுற்றி வருகிற காகிதம் அது. கிழித்து எழுதிப் போட்டவள் நான்தான்.

“பெருமாள் கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் சகோதரர் வரதன், கால் புண், ஆற வேண்டும்” என்று பாஸ்டர் படித்தார். அதில் பெயரும் கால் புண்ணும் ஆற வேண்டும் என்பதும்தான் நான் எழுதியது. மடப்பள்ளியை அவராகத் தெரிந்து சேர்த்துக்கொண்டார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தன் பங்கைச் சேர்க்க ஆரம்பித்தார். “ஆண்டவரே, இந்த மகனுடைய காலைக் குணமாக்கும். கண்ணையும் திறந்தருளும். இருளில் இருக்கிற இந்தக் குடும்பம் உம்மை அறிந்துகொள்ளட்டும். கோயில் மடப்பள்ளியிலிருந்து உம்முடைய பந்திக்கு இவரை அழைத்து வாரும்.”

சபை முழுக்க ஆமென் சொன்னது. பழக்கதோஷத்தில் என் வாயும் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கிக் கோயில் தெருப் பக்கம் பார்த்தேன்.

ஏனென்றால் எங்கள் சபைக்குக் குழாய் ஒலிபெருக்கி இரண்டு. ஒன்று காலனியைப் பார்த்திருக்கும், இன்னொன்று கோயில் தெருவைப் பார்த்திருக்கும். மார்கழியில் அவர்கள் குழாய் எங்களை எழுப்பும். டிசம்பரில் எங்கள் குழாய் அவர்களை எழுப்பும். இரண்டும் ஒரே குளிர்காலத்தில் வந்துவிடுவதால் யாரும் யாரையும் குறை சொல்லிக்கொள்வதில்லை.

அன்று கோயிலில் ஏதோ விசேஷம். வரதன் தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், முடித்து, வெண்பொங்கல் தவலையைத் தூக்கிக்கொண்டு பிராகாரத்தில் வந்துகொண்டிருந்தாராம். குழாயில் வந்ததைக் கேட்டுவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவர் காலைப் பார்த்தார்களாம்.

ஒரு வாசகரின் கேள்வி

நான் நர்ஸ் வேலைக்கு வந்த கதையைப் போன மாதம் இந்தப் பத்திரிகையில் எழுதியதும் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். மரியாதையான கடிதம். கேள்விதான் மரியாதை பார்க்கவில்லை. “நீங்கள் செய்வது சேவையா, ஆள் பிடிப்பதா? இரண்டையும் பிரிக்க முடியுமா? மழுப்பாமல் எழுதுங்கள்” என்று கேட்டிருந்தார்.

எனக்கு முதலில் சுரீரென்று கோபம் வந்தது. முப்பது வருஷமாகச் சீழ் துடைத்த கையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியது. கடிதத்தை மிக்ஸிக்குப் பின்னால் சொருகிவிட்டு இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் எடுத்துத் திரும்பப் படித்தேன். வரதன் சாரும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டார் என்பது நினைவுக்கு வந்தது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் வாசகருக்கும் சொல்ல வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. என் பெயர் எஸ்தர். உத்திரமேரூரிலிருந்து காவாந்தண்டலம் போகிற பக்கத்தில், சாலையோரம், புங்கமரத்தடியில் எங்கள் மருந்தகம். ஒரு காலத்தில் தொழுநோய்க்காரர்களுக்கென்று மிஷன் கட்டியது. இப்போது வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சர்க்கரை நோயில் கால் மரத்துப்போய்ப் புண் வந்தவர்கள். ஊர் வழக்கில் ‘புண்ணாஸ்பத்திரி’. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் கட்டு கட்டுவோம்.

முதலில் ஜெபம், பிறகு கத்தரிக்கோல்

வரதனை முதல் தடவை அவர் மனைவி வேதவல்லி மாமிதான் ஆட்டோவில் அழைத்துவந்தார். உச்சி வெயில் நேரம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்கள். அவர் தலையில் துண்டு. நெற்றியில் திருமண்ணை அழித்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

“இன்னா வேலை சார் பண்றீங்க?” என்று கேட்டேன்.

“ஸ்கூல்ல சமையல்” என்றார். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானும் அதே ஊர்க்காரி. பெருமாள் கோயில் புளியோதரை யார் கைப்பக்குவம் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் சீட்டில் ‘பள்ளிக்கூடச் சமையல்’ என்றே எழுதினேன்.

வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குக் குழி. மடப்பள்ளியில் விறகடுப்பு. செருப்புப் போடக்கூடாது. அடுப்பிலிருந்து சிதறிய தணலை மிதித்திருக்கிறார், மிதித்தது தெரியவில்லை. வீட்டுக் கூடத்தில் ஈரமாக ஒற்றைப் பாதச் சுவடு பதிவதைப் பார்த்து மாமிதான் கண்டுபிடித்தாராம். அரசாங்க ஆஸ்பத்திரி வரிசைக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டும். காலையில் அவர் அடுப்பை விட்டு நகர முடியாது. அதனால்தான் எங்களிடம் வந்தார்கள்.

அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூலால் பாதத்தில் ஒவ்வொரு இடமாகத் தொட்டேன். தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்ல வேண்டும் என்பது கணக்கு. பத்து இடம் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடியே, “ஆரம்பிங்கோ” என்றார்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து, எனக்கு முன்னால் இருந்தவர்கள் நாளிலிருந்து, கட்டைப் பிரிக்குமுன் நோயாளியின் முழங்காலில் கை வைத்து அரை நிமிஷம் ஜெபிப்போம். முதலில் ஜெபம், பிறகு கத்தரிக்கோல். இந்துவோ முஸ்லிமோ, எல்லாருக்கும் இதுதான். யாரும் வேண்டாம் என்றதில்லை. அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

முழங்காலில் கை வைத்து, “ஜெபிக்கலாமா சார்?” என்றேன். அதுகூடக் கேள்வி இல்லை. ‘ஊசி போடலாமா’ என்று கேட்பதைப் போல ஒரு சம்பிரதாயம்.

அவர் கண்ணைத் திறந்தார். “வேண்டாம்னா கட்டு கட்ட மாட்டேளா?”

அவர் குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முழங்காலிலிருந்து கையை எடுத்தேன்.

“கட்டுவேன் சார்.”

“அப்போ வேண்டாம்.”

ஜெபிக்காமலே கட்டுப் பெட்டியைத் திறந்தேன். சலைன் ஊற்றிக் கழுவினேன், செத்த சதையை வெட்டினேன், மருந்து வைத்துக் கட்டினேன். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று முழுக்க உப்புப் போட மறந்த குழம்பை இறக்கி வைத்துவிட்ட மாதிரி ஒரு அரிப்பு. அடுத்த இரண்டு தடவையும் அப்படித்தான். அந்த அரிப்பு தாளாமல்தான் நீலக் காகிதத்தைக் கிழித்து நாலு வார்த்தை எழுதிப் பெட்டியில் போட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் முன்னால் சொல்ல முடியாததை ஆண்டவர் முன்னால் சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன். நடுவில் ஒரு மைக் இருப்பதை மறந்துபோனேன்.

கோதுமையும் கவுனும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நைனாவை ஊரில் ‘பால்மாவுக் கிறிஸ்தவன்’ என்று கிண்டல் பண்ணுவார்கள். அவர் சின்ன வயதில், மழை பொய்த்த ஒரு வருஷம், மிஷன் வேனில் கோதுமையும் பால் பவுடரும் வந்தது. கொஞ்ச நாளில் நைனா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார். கிண்டலைக் கேட்டு அவர் கோபப்பட்டதே இல்லை.

“ஆமா, கோதுமைக்குத்தான் போனேன். பசி, போனேன்” என்பார். “பெரிய வூட்டுல கூலி நெல்ல மேல நின்னுகினு துண்டுல கொட்டுவாங்க. கை பட்டுடக் கூடாது பாரு. வேன்ல வந்த அம்மா என் கையப் புடிச்சி, உள்ளங்கையில வெச்சி மூடுச்சி. கோதுமை ஒரு மாசத்துல தீந்துச்சி. அந்த அம்மா யாரைக் கும்புடுதுன்னு அதுக்கப்புறமும் தெரிஞ்சிக்கணும்னு இருந்துச்சி. அவ்ளோதான்.”

ஆகவே சேவை வேறு, மதம் வேறு என்று நான் பட்டென்று சொல்லிவிட முடியாது. இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் நான் எஸ்தர். இல்லையென்றால் நாற்று நட்டுக்கொண்டிருப்பேன், இந்த வாரப் பத்திரிகையை யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள்.

ஆனால் இன்னொன்றும் நினைவிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஞாயிறு வகுப்பில் கவுன் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளும் என்னோடு வகுப்புக்கு வந்தாள். வசனமெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வாள், நான் பாதியில் விழுங்குவதையெல்லாம் அவள் முழுசாக ஒப்பிப்பாள். கவுன் வாங்க வரிசையில் நின்றபோது டீச்சர் அவள் நெற்றியைப் பார்த்து, “பொட்ட அழிச்சிட்டு வா” என்றார்.

கன்னியம்மாள் விரலில் எச்சில் தொட்டு, பாவாடை நுனியால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். சாந்துப் பொட்டு. லேசில் போகவில்லை, நெற்றி முழுக்கக் கறுப்பாக இழுபட்டது. அவளுக்கு மஞ்சள் கவுன் கிடைத்தது. எனக்கும் மஞ்சள்தான். மறுநாள் அவள் அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு, பழையபடி பொட்டும் வைத்துக்கொண்டு தெருவில் வந்தாள். என்னைப் பார்த்ததும் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டாள்.

டீச்சரைக் கண்டு மூடியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. என்னைக் கண்டு மூடினாளே என்றுதான் அன்றைக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தாலும் மனசு கூசுகிறது.

கட்டு மாற்றாத ஐந்தாம் நாள்

சனிக்கிழமை வந்து போன வரதன், செவ்வாய்க்கிழமை வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை.

எங்கள் மருந்தகத்தில் பஞ்சு மடித்துக் கொடுக்கிற ரோஸம்மா விஷயத்தைக் கொண்டுவந்தாள். “உன் பேஷண்ட்ட மடப்பள்ளிப் பக்கம் வராதன்னுட்டாங்களாம். ‘அந்தப் பக்கம் போயிட்டியா, உண்மையச் சொல்லு’ன்னு கேட்டுகினு கீறாங்களாம். கோயில் மணியக்காரர் விசாரிக்கிற வரைக்கும் வேற ஆளுதான் தளிகையாம்.”

அவர் வேலை போனது ஒரு பக்கம். அந்தப் புண்ணைத் திறந்து பார்த்தவள் நான்தான். குழி எலும்பைத் தொட இன்னும் எவ்வளவு பாக்கி என்று எனக்குத் தெரியும். ஐந்து நாள் கட்டு மாற்றாமல், வலியும் தெரியாமல் அந்த மனுஷர் நடந்துகொண்டிருக்கிறார் என்றால் போவது விரலா, பாதமா, முழங்காலா என்று சொல்ல முடியாது.

“நல்லதுக்குத்தான் ஜெபம் பண்ணோம்” என்றாள் ரோஸம்மா. “அவங்க பேஜார் பண்ணா நாம இன்னா செய்ய? வெறும் கட்டு கட்டறதுக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கீதே எஸ்தரு. நாம இன்னாத்துக்கு?”

பஞ்சை அவளிடமே விட்டுவிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் நேரே பாஸ்டர் வீட்டுக்குப் போனேன்.

பாஸ்டர் சாமுவேல் கெட்டவர் இல்லை. யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் முதல் ஆளாக வண்டியை எடுப்பார். நான் சொன்னதைக் கேட்டதும் சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை மைக்குலயே சொல்லிடறேன். வரதன் மனந்திரும்பல, அவரு இன்னும் இந்துதான்னு தெளிவா அறிவிச்சிடலாம்.”

“வேணாம் பாஸ்டர்” என்றேன். “உங்க காலுல வுழறேன், அந்த மைக்கத் தொடாதீங்க.”

அவர் உட்கார்ந்தார். முகம் வாடிவிட்டது. “நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் எஸ்தரம்மா? ஒரு நல்லது நமக்குக் கெடச்சா பக்கத்து வூட்டுக்குச் சொல்ல மாட்டமா? சொல்லாம மறைக்கிறதா அன்பு?”

இது லேசான கேள்வி இல்லை. நைனாவின் உள்ளங்கையை நினைத்துக்கொண்டேன். கன்னியம்மாளின் நெற்றியும் கூடவே வந்தது.

“சொல்லுவேன் பாஸ்டர். கடையில பாத்தா சொல்லுவேன், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா சொல்லுவேன். கேக்கப் புடிக்கலன்னா அவரு எழுந்து வேற சீட்டுக்குப் போயிடலாம். ஆனா கட்டு கட்டச்சொல்ல அவரு கால் என் கையில கீது. அப்ப அவரால எழுந்து போவ முடியாது. எழுந்து போவ முடியாதவருகிட்ட நான் எப்படி அதச் சொல்றது?”

பாஸ்டர் தட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, “முப்பது வருஷமா கால் மேல கை வெச்சித்தான ஜெபம் பண்றீங்க?” என்றார்.

“ஆமா பாஸ்டர். அதான் இப்ப என்ன உறுத்துது.”

கோயில் தெருவில்

அன்றைக்கே கட்டுப் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கோயில் தெருவுக்குப் போனேன். நைனா அந்தத் தெருவைக் கடக்க நேர்ந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். நான் ஸ்கூட்டியில் போனேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். நாலைந்து ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன.

வேதவல்லி மாமி கதவை முழுசாகத் திறக்கவில்லை. “இன்னும் என்ன பாக்கி இருக்கு? ஊர் முழுக்கக் கேக்கறாப்பல மைக்ல போட்டேளே. இருபத்தஞ்சு வருஷமா பெருமாளுக்குத் தளிகை பண்ணின மனுஷர், திருடன் மாதிரி ஆத்துல உக்காந்துண்டிருக்கார்.”

“தப்பு என்னோடது மாமி. சீட்டு எழுதுனது நான்தான். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். திட்டணும்னா திட்டுங்க, நின்னு கேக்கறேன். ஆனா கால ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அவாள உள்ள வரச் சொல்லு.”

மாமி நகர்ந்தார். செருப்பை வாசலில் விட்டேன்.

வரதன் கூடத்தில் ஒரு மர நாற்காலியில் இருந்தார். அவரை நெருங்குமுன்பே வாடை வந்துவிட்டது. இத்தனை வருஷ வேலையில் அந்த வாடையை என் மூக்கு நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கை முழங்கால் பக்கம் போகப் பார்த்தது. அதை இழுத்துக் கத்தரிக்கோலில் வைத்தேன்.

அவர் பார்த்துவிட்டார். “ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லணும். நான் உங்க பக்கம் வரணும்னு உங்களுக்கு ஆசை உண்டா?”

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் தெரியுமா? ‘எங்களுக்கு மதமெல்லாம் முக்கியம் இல்ல சார், மனுஷங்கதான் முக்கியம்’ என்று சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். மாமிக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த வாடைக்கு முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஆசை இருக்குது சார்” என்றேன். “எனக்கு ரொம்பப் புடிச்ச ஒருத்தரு. உங்களுக்கும் தெரிஞ்சா நல்லாருக்கும்னு தோணும். அது என் ஆசை. உங்க கால் அதுக்காக இல்ல. நீங்க கடைசி வரைக்கும் பெருமாளுக்கே பொங்கல் வெச்சாலும் நான் கட்டு கட்டுவேன். நம்பணும்னு சொல்லல. வந்து வந்து பாருங்க.”

மாமி சுவரோரம் வந்து நின்றார்.

வரதன் மெதுவாகச் சிரித்தார். “இல்லைன்னு சொல்லியிருந்தேள்னா இப்பவே போகச் சொல்லியிருப்பேன். மனசுல வெச்சுண்டு இல்லைன்னு சொல்றவா கையில காலைக் குடுக்க பயமா இருக்கும். பாருங்கோ.”

கட்டைப் பிரித்தேன். இரண்டாவது விரல் கறுத்திருந்தது. சிவப்பு, கணுக்கால் வரை ஏறியிருந்தது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளைக்கு என்றால் பாதத்துக்கே நான் உத்தரவாதம் இல்லை என்று சொன்னேன். மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

அந்த நேரத்துக்கு ஊரில் ஒரு கார்தான் இருந்தது. பாஸ்டருடையது. போன் பண்ணினேன். “வாங்க. ஆனா ஒரு வார்த்த ஜெபம் பண்ணக் கூடாது” என்றேன்.

கோயில் தெருவில் பாஸ்டரின் வெள்ளைக் கார் வந்து நின்றது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அன்று நல்ல தீனி. பாஸ்டர் யாரையும் பார்க்கவில்லை. வரதனைத் தோளில் தாங்கிப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, “மைக்குல சொன்னது என் தப்புங்க, மன்னிச்சிக்குங்க” என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. நான் முன் சீட்டிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். உதடு மட்டும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. அதற்கு என்னிடம் மருந்து இல்லை, விட்டுவிட்டேன்.

மணியக்காரர் வந்தார்

இரண்டாவது விரல் போனது. பாதம் நின்றது. டாக்டர், “இன்னும் ரெண்டு நாள் ஆகியிருந்தா முழங்காலுக்குக் கீழ எடுத்திருப்போம்” என்றாராம். அதை மாமியே எனக்குப் போனில் சொன்னார்.

அடுத்த வாரம் கோயில் மணியக்காரர் எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். ஆள் வாட்டசாட்டம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“வரதனுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?”

“இல்லீங்க. கட்டுதான் போட்டேன்.”

“ஜெபம்?”

“அவரு வேணாம்னாரு. பண்ணல. மைக்குல வந்தது என் முட்டாள்தனம். அவருக்குத் தெரியவே தெரியாது.”

அவர் சுவரில் இருக்கிற சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர்களில் ஐந்தாறு பேர் அவருக்குத் தெரிந்தவர்கள்தான். “சரி” என்று கிளம்பினார். கேட்டு வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தணித்து, “எனக்கும் இந்தக் குதிகால்ல ஒரு வெடிப்பு இருக்கு. ஆறவே மாட்டேங்குது” என்றார். நூலால் தொட்டுப் பார்த்தேன். ஏழு இடத்தில் ‘ம்’ சொன்னார், மூன்று இடத்தில் சொல்லவில்லை.

புண் ஆறியதும் வரதனுக்கு மடப்பள்ளி திரும்பக் கிடைத்தது. அடுப்படியில் செருப்பு ஆகாது என்பதால், உட்காருகிற மணைப் பலகை இரண்டைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் நின்று சமைக்கிறார். அது அவராகவே கண்டுபிடித்தது. கோயிலுக்கு வெளியே நாங்கள் கொடுத்த மெத்து ரப்பர் செருப்பு.

எங்கள் பக்கமும் சிலது மாறியது. சண்டை இல்லாமல் மாறவில்லை. இப்போதெல்லாம் கேட்டைத் திறக்குமுன் நாங்கள் மட்டும் கூடி ஜெபித்துவிடுவோம். பெஞ்சில் படுத்திருக்கிறவர் மேல் ஜெபம் கிடையாது. ஆனால் தாங்களாகவே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஜெபம் பண்ணும்மா’ என்று கையைப் பிடித்துக்கொள்கிற கிழவர்களுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதற்கும் ஒரு வழி செய்தோம். கட்டு கட்டி முடிய வேண்டும். அவர் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடிக்கு நடந்து போக வேண்டும். பிடிக்கவில்லை என்றால் அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடலாம். அங்கே நின்று கேட்டால் ஜெபிப்போம்.

சபைப் பெட்டியில் போடுகிற சீட்டை இப்போது பாஸ்டர் மைக்கை அணைத்துவிட்டுப் படிக்கிறார். ரோஸம்மா இன்னும் முணுமுணுக்கிறாள். “நீங்கள்ளாம் ஆண்டவருக்கே கேட்டுக்கு வெளிய எடம் குடுத்துட்டீங்க” என்கிறாள். பஞ்சு மடிக்க மட்டும் தவறாமல் வந்துவிடுகிறாள்.

புங்கமரத்தடியில்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, வரதன் காலைக் காட்ட வந்தார். வெயில் நேரம் பார்த்தெல்லாம் வரவில்லை. அன்று அடுப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, காலை நேரக் கூட்டத்தில், நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு வந்து வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் வேலையைக் கேட்டதற்கு, “பெருமாள் கோயில் தளிகை” என்றார். நான் பழைய சீட்டை எடுத்து ‘பள்ளிக்கூடச் சமையல்’ என்பதை அடித்துவிட்டு அதையே எழுதினேன்.

புண் இருந்த இடம் பிஞ்சுத் தோலாக, வழவழப்பாக மூடியிருந்தது. “இனிமே மாசம் ஒரு தடவ வந்தா போதும் சார்” என்றேன். எழுந்தார். செருப்பை மாட்டினார். கேட்டைத் தாண்டினார். பஸ் நிற்கிற பக்கம் திரும்புவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புங்கமரத்தடியில் போய் நின்றார்.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன்.

“அன்னிக்குப் பெட்டியில போட்டேளே, அந்தச் சீட்டுல நிஜமா என்னதான் எழுதியிருந்தேள்?” என்று கேட்டார்.

“வரதன், கால் புண், ஆற வேண்டும். அவ்ளோதான் சார். மிச்சமெல்லாம் பாஸ்டர் சேத்தது.”

“அவ்வளவுதானா?” புங்கம்பூ அவர் தோளில் உதிர்ந்து கிடந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்போ சொல்லுங்கோ. மைக் வேண்டாம்.”

கண்ணை மூடினேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ நீளமான ஜெபங்கள் சொல்லியிருக்கிறேன். அன்று, “ஆண்டவரே, வரதன், கால் புண், ஆற வேண்டும்” என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஒரு வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆசை இருக்கிறது என்று அவரிடமே ஒப்புக்கொண்டவள்தானே நான். அந்த வரியைச் சொல்லவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

அவர் கைகூப்பியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஆறிடுத்து” என்றார். பஸ் வந்தது. யார் கையையும் பிடிக்காமல் ஏறிக்கொண்டார்.